கடன் தந்தோரின் பொறுமை யாருடைய செலவில்?

அடுக்குமாடி வீடுகளுக்கு முன்பணம் செலுத்திவிட்டுச் சாவிக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும், அக்குடும்பங்கள் ஒன்றுகூடி அமைத்திருக்கும் வீடு வாங்குவோர் சங்கங்களுக்கும்,



ஒரு கட்டுமான நிறுவனத்தின் கடன் பெருகிவிட்டது என்றும், வேலைத்தளத்தில் ஆள்நடமாட்டம் குறைந்துவிட்டது என்றும் செய்தி வரும்போது, சங்கக் கூட்டங்களில் தவறாமல் எழும் ஆறுதல் ஒன்று உண்டு. பெரிய வங்கிகள் அந்நிறுவனத்துக்கு இன்னும் கடன் கொடுத்து வருகின்றன, பழைய கடனுக்குத் தவணை நீட்டிப்பும் தந்திருக்கின்றன, கணக்கேடுகளை உள்ளும் புறமும் ஆராயும் வல்லமை படைத்த வங்கிகளே நம்பும்போது சாதாரணக் குடும்பங்கள் அஞ்ச வேண்டியதில்லை என்பதே அந்த ஆறுதல். அது அடிப்படையற்றது என்பதையும், கடன் சுமையில் மூழ்கும் ஒரு நிறுவனத்தை வங்கிகள் தாங்கிப் பிடிப்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் நலத்தில் அல்லாமல் வங்கிகளின் சொந்தக் கணக்கேட்டில் இருப்பவை என்பதையும், அந்தத் தாங்குதலின் செலவில் பெரும்பகுதி வீடு வாங்குவோர் மீது விழக்கூடும் என்பதையும் விளக்குவதே இம்மடலின் நோக்கம்.

முதலில் இத்தொழிலின் பண ஓட்டத்தைக் காண்பது தேவை. கட்டுமான நிறுவனம் நிலத்தை வாங்கும் நாளுக்கும் வீட்டை ஒப்படைக்கும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிகின்றன. இடைப்பட்ட காலச் செலவை வங்கிக் கடனும் வாங்குவோரின் முன்பணமுமே ஈடுசெய்கின்றன. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கும் காலத்தில், கையிலுள்ள நிலம் கூடுதல் கடனுக்குப் பிணையமாகிறது, அதாவது கடன் திரும்பாவிட்டால் வங்கி கைப்பற்றக்கூடிய சொத்தாகிறது. அந்தக் கூடுதல் கடனைக்கொண்டும், முதல் திட்டத்தில் திரண்ட முன்பணத்தைக்கொண்டும் அடுத்த நிலம் வாங்கப்படுகிறது. விற்பனை தேங்கி நிலவிலை நின்றுவிடும் நாளில் இந்தச் சங்கிலி அறுகிறது. முந்தைய திட்டத்தை முடிக்க வேண்டிய பணம் அடுத்தடுத்த திட்டங்களின் நிலத்தில் புதைந்து கிடக்க, வட்டி மட்டும் நாள்தோறும் வளர்கிறது. வங்கிகள் முடிவெடுக்க வேண்டிய கட்டம் இதுவே.

அந்த முடிவை முதன்மையாகத் தீர்மானிப்பது கணக்கியல் விதி. இந்தியாவில் ஒரு கடனின் வட்டியோ அசலோ 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால், அக்கடன் ‘வாராக்கடன்’ என வகைப்படுத்தப்பட வேண்டும். வகை மாறியதும் ‘ஒதுக்கீடு’ உயர்கிறது. ஒதுக்கீடு என்பது, வரக்கூடிய இழப்பை எதிர்நோக்கி வங்கி தன் இலாபத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டிய தொகை. நெடுங்காலமாக நடைமுறையில் இருந்துவரும் விகிதங்களின்படி, ஒரு கட்டுமான நிறுவனத்துக்குத் தந்த 1,000 கோடி ரூபாய்க் கடன் ஒழுங்காகச் செலுத்தப்படும்வரை அதற்கான ஒதுக்கீடு 10 கோடி ரூபாய் அளவிலேயே நிற்கும். அது வாராக்கடனாக மாறினால், போதிய பிணையம் இருந்தாலும்கூட, முதலாண்டிலேயே ஒதுக்கீடு 150 கோடியாகும். அடுத்தடுத்த ஆண்டுகளில் 250 கோடி, 400 கோடி என ஏறி, இறுதியில் முழுத்தொகையையும் எட்டும். கைக்கு வராத வட்டியை வருமானமாகக் காட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அத்துடன் முடிந்துபோகிறது. இலாபம் போதாதபோது ஒதுக்கீடு வங்கியின் மூலதனத்தைத் தின்னத் தொடங்குகிறது. மூலதனம் குறைந்தால், அதன் பன்மடங்கு அளவுக்குப் புதிய கடன் வழங்கும் ஆற்றலும் குறைகிறது.

இந்நிலையில் வங்கியின் முன் எளிய வழி ஒன்று திறந்திருக்கிறது. நிறுவனம் கட்ட வேண்டிய வட்டி 30 கோடி ரூபாய் என்றால், வேறொரு பெயரில் 30 கோடி ரூபாய் புதுக்கடன் வழங்கினால் போதும். அத்தொகை வட்டியாக அதே வங்கிக்குத் திரும்பி வரும், 90 நாள் கெடு கடக்காது, 140 கோடி ரூபாய் கூடுதல் ஒதுக்கீடு தேவைப்படாது. நிறுவனத்தின் கடன் 30 கோடி கூடியிருக்கும். கட்டடத்தில் ஒரு செங்கல்கூட ஏறியிருக்காது. பழைய கடனைப் புதுக்கடனால் அடைத்து, கெட்டுப்போன கடனை நல்ல கடனாகக் காட்டிக்கொண்டே போகும் இவ்வழக்கத்தை வங்கித் துறையினர் ‘எவர்கிரீனிங்’ என்கின்றனர். இதில் வங்கி காட்டும் பொறுமைக்கும் நிறுவனத்தின் வருங்காலத்தின் மீதான நம்பிக்கைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கடன் எவ்வளவுக்கெவ்வளவு பெரிதோ, அதைக் கெட்டுப்போனதாக ஒப்புக்கொள்வது வங்கிக்கு அவ்வளவுக்கவ்வளவு கடினம். சிறு கடனாளிக்கு உடனே அறிவிப்பு அனுப்பும் வங்கி, பெருங்கடனாளியிடம் பேச்சுவார்த்தைக்கு அமர்வதன் முதற்காரணம் இது.

இரண்டாவது காரணம் பிணையத்தின் இயல்பில் உள்ளது. முடிந்த வீட்டுக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. பாதியில் நின்ற கட்டடத்துக்கு அந்த விலையில் பாதிகூடக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை, ஏனெனில் அதை வாங்குபவர் மீதிச் செலவோடு ஏற்கெனவே முன்பணம் தந்தோரின் உரிமைகளையும், வழக்குகளையும், அரசு அமைப்புகளுக்கான நிலுவைகளையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது. மேலும், ஒரு பெரிய நிறுவனத்தின் நிலங்கள் ஒரே நேரத்தில் ஏலத்துக்கு வந்தால் அப்பகுதியின் நிலவிலையே சரியும்; அப்பகுதியின் பிற நிறுவனங்களுக்கு அதே வங்கி தந்த கடன்களின் பிணைய மதிப்பும் உடன் சரியும். ஒரு கடனாளியை வீழ்த்துவதால் பத்துக் கடன்கள் ஆட்டம் காணும் என்றால், வங்கி அந்த ஒருவரைத் தாங்கிப் பிடிக்கவே விரும்பும்.

மூன்றாவதாக, பெருங்கடன் ஒரே வங்கி தந்ததாக இருப்பது அரிது. பல வங்கிகள் கூட்டாகக் கடன் தந்திருக்கும்போது, எந்த வங்கி முதலில் வழக்குத் தொடுக்கிறதோ அது மற்றவற்றின் கணக்கிலும் இழப்பை வெளிக்கொணர்ந்துவிடுகிறது. பொறுத்திருக்கும் வங்கிக்கோ, பிறர் போடும் புதுப்பணத்தின் பயன் செலவின்றிக் கிடைக்கக்கூடும். 1992ஆம் ஆண்டு மே மாதம் வீழ்ந்த கனடாவின் ஒலிம்பியா அண்டு யார்க் கட்டுமான நிறுவனத்துக்குக் கடன் தந்திருந்த வங்கிகள் தொண்ணூறு அளவில் இருந்தன. அவற்றுள் பலவற்றுக்கு, அக்குழுமத்தின் கடன் மொத்தம் எவ்வளவு என்பதே முடிவுக் காலம்வரை தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. எண்ணிக்கை கூடக் கூடப் பொறுப்பு நீர்த்துப்போகிறது என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

நான்காவது காரணம் முடிவெடுக்கும் அலுவலர்களின் நிலை. கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து எஞ்சியதை மீட்டெடுப்பது பொருளியல் நோக்கில் சரியான முடிவாக இருந்தாலும், அக்கோப்பில் கையெழுத்திடும் பொதுத்துறை வங்கி அலுவலர், பின்னாளில் கண்காணிப்பு ஆணையத்தின் கேள்விகளுக்கும் புலனாய்வு அமைப்பின் விசாரணைக்கும் உள்ளாகக்கூடும். தவணையை நீட்டிக்கும் கோப்பில் கையெழுத்திடுபவருக்கு அந்த அச்சம் மிகக் குறைவு. பதவிக்காலம் சில ஆண்டுகளே நீடிப்பதால், இழப்பை ஒப்புக்கொள்ளும் சுமையை அடுத்து வருபவரிடம் விட்டுச்செல்ல முடிகிறது. தனிமனிதரின் நேர்மைக் குறைவு மட்டும் இதற்குக் காரணமன்று. நேர்மையான அலுவலரையும் காலங்கடத்தும் வழிக்கே தள்ளும் அமைப்பு இது.

ஐந்தாவதாக, ஒழுங்குமுறை அமைப்புகளும் அரசுகளும் இக்காலங்கடத்தலுக்கு அவ்வப்போது இசைவு தந்திருக்கின்றன. இந்திய ரிசர்வ் வங்கி 2001இல் நிறுவனக் கடன் மறுசீரமைப்பு முறையையும், 2015இல் கடனைப் பங்குகளாக மாற்றி நிர்வாகத்தைக் கைப்பற்றும் முறையையும், 2016இல் கடனைத் ‘தாங்கக்கூடிய பகுதி’, ‘தாங்க முடியாத பகுதி’ எனப் பிரிக்கும் முறையையும் கொண்டுவந்தது. நிறுவனங்களுக்கு மூச்சுவிடும் காலம் தருவதே இவற்றின் நோக்கமாக இருந்தபோதிலும், நடைமுறையில் பல வங்கிகள் இவற்றை இழப்பை மறைக்கும் திரையாகவே பயன்படுத்திக்கொண்டன. 2015இல் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, வங்கிக் கடன்களின் உண்மை நிலையைச் சோதித்த சொத்துத்தர ஆய்வு அத்திரையை விலக்கத் தொடங்கியது. வணிக வங்கிகளின் மொத்த வாராக்கடன் 2018 மார்ச்சில், அவை தந்த கடனில் 11 விழுக்காட்டைத் தாண்டியது. அந்தக் கடன்கள் எல்லாம் 2018இல் திடீரெனக் கெட்டவை அல்ல. கெட்டு நெடுநாளான பின்னரே வெளியில் தெரிந்தன. 2018 பிப்ரவரி 12 அன்று ரிசர்வ் வங்கி இம்முறைகள் அனைத்தையும் ஒரே சுற்றறிக்கையால் நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அச்சுற்றறிக்கையைச் செல்லாததாக்கியதும், அதே ஆண்டு ஜூனில் வங்கிகளுக்குக் கூடுதல் நெகிழ்வு தரும் புதிய விதிகள் வந்தன.

சீனாவின் பட்டறிவும் இதையே காட்டுகிறது. எவர்கிராண்டே கட்டுமான நிறுவனத்தின் மொத்தப் பொறுப்புகள் 2021இன் நடுவில் ஏறத்தாழ 2 இலட்சம் கோடி யுவானை எட்டியிருந்தன. 2020 ஆகஸ்டில் கட்டுமான நிறுவனங்களின் கடனுக்கு அரசு ‘மூன்று சிவப்புக் கோடுகள்’ எனப்பட்ட வரம்புகளை வகுத்த பின்னர், புதுக்கடனால் பழைய கடனை அடைக்கும் வழி குறுகி, 2021 டிசம்பரில் அந்நிறுவனம் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்கான வட்டியைச் செலுத்தத் தவறியது. 2022 ஜூலையில், கட்டடங்கள் நின்றுபோன பல நகரங்களில் வீடு வாங்கியோர் தங்கள் வீட்டுக்கடன் தவணையைக் கட்டமாட்டோம் எனக் கூட்டாக அறிவித்தனர். அதே ஆண்டு நவம்பரில் சீன மைய வங்கியும் வங்கி ஒழுங்குமுறை ஆணையமும் வெளியிட்ட 16 அம்சத் திட்டம், கட்டுமான நிறுவனங்களுக்கான கடன்களின் தவணையை ஓராண்டு நீட்டிக்கவும், நீட்டித்த கடனின் தரவகையை மாற்றாமல் வைத்திருக்கவும் வங்கிகளுக்கு இடமளித்தது. எவர்கிராண்டேவைக் கலைக்குமாறு 2024 ஜனவரி 29 அன்று ஹாங்காங் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தவணைக்குப் பின் தவணையாகக் கிடைத்த பொறுமை, அந்நிறுவனத்தின் முடிவை மாற்றவில்லை. முடிவு வரும் நாளை மட்டுமே தள்ளிவைத்தது.

இதுவரை கூறப்பட்ட ஐந்து காரணங்களைவிட, வீடு வாங்குவோர் கூர்ந்து நோக்க வேண்டிய ஆறாவது காரணம் ஒன்று உண்டு. வங்கி ஒவ்வொரு முறை தவணையை நீட்டிக்கும்போதும் சும்மா நீட்டிப்பதில்லை. கூடுதல் பிணையம் கேட்கிறது. கடன் தந்தோருள் தன் நிலையைப் பலப்படுத்திக்கொள்ளும் வாய்ப்பாகவே நீட்டிப்பை அது பயன்படுத்துகிறது. பிணையமாகக் கொடுக்கப்படும் நிலம் எங்கிருந்து வருகிறது என்பதை ஜேபி இன்ஃப்ராடெக் வழக்கு வெளிச்சமிட்டுக் காட்டியது.

கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் 165 கிலோமீட்டர் யமுனை விரைவுச்சாலையை அமைக்க உருவான நிறுவனம் அது. சாலை 2012இல் திறக்கப்பட்டது. சாலைத் திட்டத்துக்கு ஈடாகக் கிடைத்த நிலங்களில் அந்நிறுவனம் வீடுகள் கட்ட முற்பட்டு, 20,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் முன்பணம் பெற்றது. ரிசர்வ் வங்கி 2017 ஜூனில் நொடிப்பு நடவடிக்கைக்கு அனுப்பச் சொன்ன 12 பெருங்கடன் கணக்குகளுள் இதுவும் ஒன்று. ஐடிபிஐ வங்கி தொடுத்த மனுவை அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஏற்றது. அதன்பின் நடந்த ஆய்வில், இந்நிறுவனத்தின் நிலங்களில் ஒரு பெரும்பகுதி, அதன் தாய் நிறுவனமான ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் வாங்கிய கடனுக்காக அத்தாய் நிறுவனத்தின் வங்கிகளிடம் அடமானம் வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. தாய் நிறுவனம் தத்தளித்தபோது அதன் வங்கிகள் காட்டிய பொறுமைக்குக் கைம்மாறாக, வீடு வாங்கியோர் பணம் தந்திருந்த நிறுவனத்தின் நிலம் கைமாறியிருந்தது. 2020 பிப்ரவரி 26 அன்று உச்ச நீதிமன்றம், இவ்வகை அடமானங்கள் தொடர்புடைய தரப்புக்கு முறையற்ற முன்னுரிமை அளித்தவை எனத் தீர்ப்பளித்து, 750 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அடமானத்திலிருந்து விடுவித்தது; தாய் நிறுவனத்துக்குக் கடன் தந்த அவ்வங்கிகளை ஜேபி இன்ஃப்ராடெக்கின் நிதிக் கடன் கொடுத்தோராகக் கருத முடியாது என்றும் கூறியது. நீதிமன்றம் தலையிட்டிராவிட்டால், வங்கிகளின் பொறுமைக்கான விலையை அந்த இருபதாயிரம் குடும்பங்கள் தங்கள் அடித்தளத்தையே இழந்து செலுத்தியிருக்கும்.

வீடு வாங்குவோர் மேலும் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். முன்பணம் செலுத்துவோரும் கடன் கொடுப்போரே. அதிலும், பெரும்பாலும் பிணையமின்றி, வட்டியின்றிக் கடன் கொடுப்போர். இந்த உண்மையை இந்தியச் சட்டம் 2018 ஜூனில் வந்த அவசரச் சட்டத்தின் வழியாகவே வெளிப்படையாக ஏற்றது. அதற்குப் பிறகே வீடு வாங்கியோர் ‘நிதிக் கடன் கொடுத்தோர்’ என்னும் வகைக்குள் வந்து, நொடித்த நிறுவனத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும் கடன் கொடுத்தோர் குழுவில் வாக்குரிமை பெற்றனர். கட்டுமான நிறுவனங்கள் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளை 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இக்கடனை வங்கி தன் சுமையைக் குறைத்துக்கொள்ளும் கருவியாகவும் மாற்ற முடியும் என்பதற்கு, ‘சப்வென்ஷன்’ எனப்படும் திட்டங்கள் சான்று. இத்திட்டத்தில் வங்கி, வீடு வாங்குபவர் பெயரில் வீட்டுக்கடனை அனுமதித்து, கட்டடம் எழும் முன்பே அதில் பெரும்பகுதியை நிறுவனத்திடம் தந்துவிடுகிறது. வீடு ஒப்படைக்கப்படும்வரை மாத வட்டியை நிறுவனமே கட்டுவதாக ஒப்பந்தம். வங்கியின் ஏட்டில் இப்போது கடனாளியாக நிற்பது தத்தளிக்கும் நிறுவனம் அன்று. மாதச் சம்பளம் வாங்கும் ஒரு குடும்பம். நிறுவனம் வட்டி கட்டுவதை நிறுத்தும் நாளில், வீடும் இல்லாமல், வாடகையும் கட்டிக்கொண்டு, தவணைக்கும் பொறுப்பாகிறது அக்குடும்பம். கட்டுமானம் முன்னேறும் படிநிலைகளுக்கு ஏற்பவே வீட்டுக்கடனை விடுவிக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே அறிவுறுத்தியிருந்தது. வீட்டுவசதிக் கடன் நிறுவனங்கள் இத்தகைய திட்டங்களைத் தவிர்க்க வேண்டும் எனத் தேசிய வீட்டுவசதி வங்கி 2019 ஜூலையில் சொல்ல வேண்டி வந்தது. ஒரு திட்டத்துக்கு முன்னணி வங்கிகள் வீட்டுக்கடன் தருகின்றன என்னும் விளம்பரம், அத்திட்டம் முடியும் என்பதற்கு உறுதிமொழி ஆகாது. கடன் வசூலாகும் என்று வங்கி நம்புவது வாங்குபவரின் சம்பளத்தை வைத்து, கட்டடத்தை வைத்து அன்று. 2019 ஜூலை 23 அன்று ஆம்ரபாலி கட்டுமானக் குழும வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாங்கியோரின் பணம் வேறிடங்களுக்குத் திருப்பப்பட்டதைக் கண்காணிக்கத் தவறிய வங்கிகளையும் அரசு அமைப்புகளையும் கண்டித்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது.

இவ்வளவும் கூறியதன் பொருள், கடன் தந்தோர் எந்நிலையிலும் ஆதரவைத் தொடரக் கூடாது என்பதன்று. இலண்டனின் கேனரி வார்ஃப் இதற்கு நல்ல மறுசான்று. முன்னர்க் குறிப்பிட்ட ஒலிம்பியா அண்டு யார்க் நிறுவனம், கைவிடப்பட்ட துறைமுகப் பகுதியில் எழுப்பிய அலுவலக நகரம் அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இலண்டனில் வாடகை சரிந்ததாலும், அங்கே செல்ல நிலத்தடி இரயில் இல்லாததாலும், கட்டடங்கள் ஆளின்றிக் கிடந்தன. 1992 மே மாதம் அத்திட்டம் நீதிமன்ற நிர்வாகியின் பொறுப்பில் சென்றது. அதற்குக் கடன் தந்திருந்த 11 வங்கிகள் 1993 அக்டோபரில் அதைத் தம் உடைமையாக்கிக்கொண்டு, மேலும் பணம் இட்டு, ஜூபிலி இரயில் பாதை நீட்டிப்புக்குத் திட்டத்தின் சார்பில் தர வேண்டிய பங்குக்கும் வழிசெய்தன. 1995 டிசம்பரில், நிறுவனத்தின் முன்னாள் தலைவர் பால் ரைக்மன் இடம்பெற்ற முதலீட்டாளர் குழு ஒன்று 80 கோடி பவுண்டுக்கு அதை வாங்கியது. 1999இல் இரயில் பாதை திறக்கப்பட்டது. இன்று அப்பகுதி இலண்டனின் பெரும் நிதிமையங்களுள் ஒன்று. அங்கே வங்கிகள் போட்ட புதுப்பணம் வீணாகவில்லை. ஏனெனில், இழப்பு முதலில் ஒப்புக்கொள்ளப்பட்டது. பழைய உரிமையாளரிடமிருந்து கட்டுப்பாடு பறிக்கப்பட்டது. அதன் பின்னரே, திட்டத்தைப் பயனுள்ளதாக்கும் குறிப்பிட்ட பணிகளுக்குப் புதுப்பணம் சென்றது.

இதற்கு நேர்மாறானது ஜப்பானில் நடந்தது. 1991 வாக்கில் உச்சம் தொட்ட நிலவிலை அதன்பின் ஆண்டுதோறும் சரிந்தபோது, அந்நாட்டு வங்கிகள் நிலவணிக, கட்டுமான நிறுவனங்களின் கடன்களைப் புதுப்பித்துக்கொண்டே சென்றன. ஜோ பீக், எரிக் ரோசன்கிரென் ஆகிய பொருளியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு, மூலதனம் வலுவிழந்த வங்கிகளே நலிந்த நிறுவனங்களுக்குக் கடனைக் கூட்டித் தந்தன எனக் காட்டியது. காபயேரோ, ஹோஷி, காஷ்யப் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, வங்கிகளின் தயவால் மட்டுமே உயிர்வாழ்ந்த ‘ஜாம்பி நிறுவனங்கள்’ மலிந்த துறைகளில் நலமான நிறுவனங்களின் முதலீடும் வேலைவாய்ப்பும் சுருங்கின என நிறுவியது. ‘ஜூசென்’ எனப்பட்ட வீட்டுக்கடன் நிறுவனங்களைக் கலைக்க மட்டும் 1996இல் 68,500 கோடி யென் மக்கள் வரிப்பணத்தை அரசு செலவிட்டது. 1997 நவம்பரில் ஹொக்கைடோ தகுஷோகு வங்கியே வீழ்ந்தது. இழப்பை ஒப்புக்கொள்ளாமல் காட்டிய பொறுமை, இழப்பைப் பெருக்கி நாட்டின் தலையில் வைத்தது.

இவ்விரு பட்டறிவுகளையும் ஒப்பிட்டால், ஆதரவு நல்லதா தீயதா எனப் பிரித்தறியும் அளவுகோல் தெளிவாகிறது. புதுப்பணம் எங்கே செல்கிறது என்பதே அந்த அளவுகோல். அது சிமெண்டாகவும் கம்பியாகவும் மின்தூக்கியாகவும் மாறினால், முடிக்கப்படும் ஒவ்வொரு வீடும் விற்கத்தக்க சொத்தாகி, வங்கிக்கும் வாங்கியோருக்கும் ஒருசேரப் பயன் தருகிறது. அது பழைய வட்டியாகத் திரும்பி வங்கிக்கே சென்றால், கடன் மட்டும் வளர்ந்து, நிறுவனத்தின் சொத்தில் வாங்கியோருக்கு எஞ்சும் பங்கு ஒவ்வொரு காலாண்டிலும் தேய்கிறது.

எனவே, தாங்கள் செலுத்திய பணத்தைக் கொண்டிருக்கும் நிறுவனத்துக்கு வங்கிகள் தவணை நீட்டித்தன என்ற செய்தி வரும்போது, சங்கங்கள் மூன்று கேள்விகளுக்கு எழுத்து வடிவில் விடை கோர வேண்டும். முதலாவது, புதிதாக வந்த தொகையில் எவ்வளவு எந்தக் கட்டடத்தின் எந்தப் பணிக்குச் செலவாகும், எவ்வளவு நிலுவை வட்டிக்குப் போகும் என்பது. இரண்டாவது, நீட்டிப்புக்கு ஈடாக எந்த நிலமும் எந்த வீடுகளும் புதிதாக அடமானத்துக்குச் சென்றன, அவற்றுள் வாங்கியோர் பணம் செலுத்தியவை உள்ளனவா என்பது. இதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறும் வில்லங்கச் சான்றிதழ் மூலமும், நிறுவனப் பதிவாளரிடம் பதிவாகும் பிணையப் பொறுப்பு விவரங்கள் மூலமும் எவரும் சரிபார்க்க முடியும். மூன்றாவது, இக்கடனில் வங்கி எவ்வளவு இழப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது. ஒரு ரூபாய் இழப்பையும் ஏற்காமல் நீட்டிப்பு மட்டும் தரப்பட்டிருந்தால், அந்த இழப்பு வேறொருவருக்காகக் காத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

சட்டம் தந்திருக்கும் கருவிகளும் குறைவல்ல. ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காடு அத்திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோரின் சான்று இன்றி அதிலிருந்து பணம் எடுக்க முடியாது. இக்கணக்கைப் பற்றி மாநில ரெரா ஆணையத்திடம் கேள்வி எழுப்புவது, கட்டடம் நின்ற பிறகு செய்ய வேண்டியதன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டியது. நொடிப்பு நடவடிக்கை தேவைப்பட்டால், ஒரு திட்டத்தில் 100 பேரோ, அல்லது வாங்கியோரில் 10 விழுக்காட்டினரோ, இவற்றுள் எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்து மனு செய்யலாம். தனித்து நிற்கும் குடும்பத்துக்கு இந்தக் கதவு மூடியே இருக்கும். சங்கமாகச் சேர்ந்தால்தான் திறக்கும்.

சேர்ந்த பிறகு வாக்களிப்பதும் கடமை. ஜேபி இன்ஃப்ராடெக்கின் கடன் கொடுத்தோர் குழுவில் வீடு வாங்கியோரிடம் பாதிக்கும் மேற்பட்ட வாக்குரிமை இருந்தது; ஆயினும், வாக்களிக்காமல் இருந்தோரின் பங்கும் எதிர்வாக்கைப் போலவே பயன்பட்டதால் தொடக்கத்தில் முடிவுகள் முடங்கின. 2019 ஆகஸ்டில் சட்டம் திருத்தப்பட்டு, வாக்களித்தோரின் பெரும்பான்மையே அவ்வகுப்பினர் அனைவரின் முடிவாகக் கொள்ளப்பட்டது. அதன் பின்னரும் வழக்குகள் தொடர்ந்தன. நிறுவனத்தை ஏற்று நடத்த முன்வந்த சுரக்ஷா குழுமத்தின் தீர்வுத் திட்டத்தைத் தீர்ப்பாயம் ஏற்றது 2023 மார்ச்சில், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதிசெய்தது 2024 மே மாதத்தில். நொடிப்பு நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். அக்குடும்பங்களுக்கு அது வாடகையும் தவணையும் சேர்ந்து கட்டிய ஏழு ஆண்டுகள், பிள்ளைகள் பள்ளி முடித்துக் கல்லூரிக்குச் சென்றுவிட்ட ஏழு ஆண்டுகள். வங்கிகள் நிலத்தை மேலும் மேலும் அடமானம் பெற்றுப் பொறுமை காத்த அந்த ஆண்டுகளிலேயே உண்மை வெளிப்பட்டிருந்தால், இக்காத்திருப்பில் ஒரு பகுதியேனும் தவிர்க்கப்பட்டிருக்கும்.

அரசும் ரிசர்வ் வங்கியும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதைக் கேட்டுப் பெற வேண்டிய பொறுப்பு வாங்கியோரின் சங்கங்களுடையது. வீடு கட்டும் நிறுவனத்தின் கடன் மறுசீரமைக்கப்படும் ஒவ்வொரு முறையும், அந்த மறுசீரமைப்பின் முதன்மை நிபந்தனைகள், குறிப்பாகப் புதுப்பணத்தின் பயன்பாடும் புதிய அடமானங்களின் பட்டியலும், அத்திட்டத்தின் ரெரா பக்கத்தில் வெளியிடப்பட வேண்டும். முன்பணம் தந்தோர் சட்டத்தின் கண்ணில் கடன் கொடுத்தோர் என்றால், மற்றக் கடன் கொடுத்தோர் அறியும் செய்தியை அறியும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

வங்கியின் பொறுமையை நிறுவனத்தின் வலிமைக்குச் சான்றாக இனிக் கொள்ளாதிருப்பீர்களாக. அடுத்த சங்கக் கூட்டத்தில், மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, நிறுவனத்துக்கும் கடன் தந்த வங்கிகளுக்கும் மாநில ரெரா ஆணையத்துக்கும் பதிவஞ்சலில் அனுப்புங்கள். விடை வராவிட்டால், அந்த மௌனத்தையே ஒரு விடையாகக் கொண்டு, காலம் கடக்கும் முன் சட்டத்தின் துணையை நாடுங்கள்.

இங்ஙனம்,
வீடு வாங்குவோர் நலம் நாடும் ஒருவர்